பட்டறைக் கால்கள் நடக்க மறந்த திங்கட்கிழமை

அக்காவின் பட்டறையில் செய்த செயற்கைக் கால்கள் எல்லாம் ஒரு திங்கட்கிழமை காலையில் நடக்க மறந்துவிட்டன. தபால்காரர் ஒரு வீட்டுக் கேட்டைத் திறந்த கையோடு நின்றார். பள்ளி ஆசிரியை கரும்பலகைக்கு முன்னால் நின்றார். பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு போய் சாக்பீஸ் எடுத்தார்கள். கால்களைக் கழற்றவும் முடியவில்லை, நின்ற இடத்தில் வேர்விட்ட மாதிரி இருந்தன. அக்காவின் கணவர் பஸ் கண்டக்டர். அவருடைய பட்டறைக் காலும் பஸ் படிக்கட்டிலேயே நின்றுவிட்டதால் டிரைவர் பயணிகளை இறக்கிவிட்டு, பஸ்ஸை நேராகப் பட்டறை வாசலுக்கு ஓட்டி வந்தார்.

ஊரே அக்கா என்று கூப்பிட்ட அந்தப் பெண்மணிக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. பட்டறை மூலையில் இருந்த பழைய கணினியின் டிஸ்க் அன்று காலைதான் செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு காலின் அளவும் வளைவும் நடையும் அதற்குள் இருந்தன. மனிதர்களுக்குப் பொருத்திய பிறகும் கால்கள் தங்கள் நடையை அங்கேதான் ஞாபகம் வைத்திருந்தன என்பது அதுவரை ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தபோது ஆச்சரியப்பட நேரமில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு நகல் டேப்பில் இருந்தது. டேப்பை ஓட்டிப் படிக்கும் டிரைவ் அலமாரி மேல் தூசி படிந்து கிடந்தது. அதைக் கணினியோடு இணைக்கத் தெரிந்த ஒரே ஆள் அக்காவின் கூடப்பிறந்த தம்பி.

அந்தக் கணினியை வாங்கி வைத்தவனே அவன்தான். அது கிழடாகிவிட்டது, புதிது வாங்கு என்று ஒருநாள் சொன்னான். ஓடுகிற மாட்டை எதற்கு விற்பது என்றாள் அக்கா. வார்த்தை தடித்தது. அவன் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் வேலைக்குப் போய்விட்டான். அதன்பிறகு வருஷக்கணக்காக இருவருக்கும் பேச்சு இல்லை. இப்போது படிக்கட்டில் நின்றபடி கண்டக்டர்தான் போன் செய்தார். தம்பி பழைய சாமான் பெட்டியோடு வந்து, ஒரு டிஸ்க்கைத் தேடி எடுத்துப் பொருத்தினான்.

"அத்தான், டிரைவ் எங்கன்னு கேளுங்க."

"கண்ணுக்கு நேராத்தான் இருக்குன்னு சொல்லுங்க," என்றாள் அக்கா.

கண்டக்டர் இரண்டையும் நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற குரலில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சேர்த்தார்.

தம்பி தடித்த கேபிளை மாட்டி மின்சாரம் கொடுத்தான். கணினி டிரைவைக் கண்டுகொள்ளவில்லை. அந்தக் காலத்துக் கணினி விழிக்கும்போது ஒரு தடவைதான் சுற்றிலும் பார்க்கும். அப்போது தூங்குகிறவன் அதற்கு இல்லாதவன். ஆகவே எல்லாவற்றையும் அணைத்து, டிரைவை முதலில் போட்டு, பிறகு கணினியைப் போட்டான். அப்படியும் இல்லை. டிரைவின் முதுகைத் திருப்பிப் பார்த்தான். அங்கே ஒரு சின்ன எண் இருந்தது. புதிதாகப் பொருத்திய டிஸ்க்குக்கும் அதே எண். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் கூப்பிடுகிறவன் என்ன செய்வான்? பென்சில் முனையால் டிரைவின் எண்ணை மாற்றினான். கணினிக்குக் கண் தெரிந்தது. டேப் சுழன்றது. தெருக்கோடியில் தபால்காரரின் கால் மேலே எழும்பியது. அடுத்த நொடி திரையில் பிழைச்செய்தி வந்தது. கால் அந்தரத்தில் நின்றது. முன்பாவது இரண்டு கால்களில் நின்றுகொண்டிருந்தவர் இப்போது ஒற்றைக் காலில் நின்றார்.

டேப் படிக்கும் முனையைத் துடைத்தார்கள். கேபிளை மாற்றினார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் தபால்காரரின் கால் இறங்கி ஏறியது. வெயில் உச்சிக்கு வந்தது. யாரோ அவருக்குக் குடை பிடித்தார்கள். தம்பி டிரைவின் பின்பக்கத்தைக் கையால் தடவியபோது இன்னொரு துளை காலியாக இருந்தது. கேபிள் முடிகிற அந்தத் துளையில் ஓர் அடைப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போகிற சமிக்ஞை சுவரில் மோதிய பந்து மாதிரி திரும்பி வரும். அடைப்பு எங்கே என்று அத்தான் வழியாகக் கேட்டான். அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க அவள் தொங்கவிட்டிருந்த நூலின் நுனியில் தூக்குக்குண்டாக அந்த அடைப்பு ஆடிக்கொண்டிருந்தது.

"சும்மா ஒரு மூடின்னு நெனச்சேன்டா," என்றாள். கண்டக்டர் வழக்கம்போல அதைத் திருப்பிச் சொல்ல வாயெடுத்து, தேவையில்லை என்று மூடிக்கொண்டார்.

"சும்மா மூடி இல்லக்கா. போதும், இங்க நிறுத்துன்னு சொல்றதே அதுதான்."

அவன் அதை மாட்டினான். டேப் ஓடியது, நிற்காமல் ஓடியது. தபால்காரர் கேட்டைத் தாண்டிப் போய்க் கடிதத்தைக் கொடுத்தார். ஆசிரியை கரும்பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தார், வகுப்பே கைதட்டியது. தெருத்தெருவாகக் கால்கள் விழித்தன. கண்டக்டரின் கால் படிக்கட்டிலிருந்து குதித்து இறங்கியது. நடக்க முடிந்தவர்கள் எல்லாரும், எதற்கு என்று தெரியாமலே, பட்டறைக்கு நடந்து வந்தார்கள். சாயங்காலம் உள்ளே நிற்க இடமில்லை. தம்பியைத் தோளில் தூக்கியவர்களில் பாதிப்பேருக்கு அவன் யாரென்றே தெரியாது.

அந்த நகல் சண்டைக்கு முன்னால் எடுத்தது. தம்பி போன பிறகு நகல் எடுக்க ஆள் இல்லை. அதனால் கால்கள் எல்லாம் அந்த நாளின் நடையையே நடந்தன. மெதுவாகிப்போயிருந்த ஆசிரியை மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினார். இடையில் இறந்துபோயிருந்த கடிகாரக்காரரின் கால் பரணிலிருந்து இறங்கி, கடைக்குப் போய்விட்டு, பொழுது சாயத் திரும்பியது. அவர் மனைவி கதவை ஒருக்களித்து வைக்கப் பழகிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் காய்கறி வாங்கக் கிளம்பிய கண்டக்டரை அவர் கால் வேறு பக்கம் திருப்பியது. இழுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. அக்கா பையோடு பின்னாலேயே ஓடினாள். கால் தம்பியின் வீட்டுப் படியேறி நின்றது. சண்டைக்கு முன்பு ஞாயிறுதோறும் அங்கேதான் அவர்களுக்குச் சாப்பாடு.

"நான் வரலப்பா, இதுதான் கூட்டிட்டு வந்துச்சு," என்றார் கண்டக்டர்.

தம்பி வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தான். "உள்ள வாக்கா. சோறு ஆறுது."

சாப்பிட்டு முடித்ததும், அந்தக் காலின் கோளாறைத் திங்கட்கிழமையே சரிசெய்து தருவதாகத் தம்பி சொன்னான். அக்கா மோரை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அதுல என்னடா கோளாறு?"

இன்றும் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் கால் முன்னே போகிறது, கண்டக்டர் அதன் பின்னே, அவர் பின்னே அக்கா. தெருக்காரர்கள் சைக்கிளை ஓரமாகத் தள்ளி வழிவிடுகிறார்கள்.