சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் டீசல் இல்லை

மேற்கு ஆஸ்திரேலியாவில் லேவர்டனை விட்டுக் கிளம்பி இரண்டாவது நாள். என் இடுப்பு கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. செம்மண் ரோடு முழுக்க வரிவரியாக மேடும் பள்ளமும். வண்டி உதறிய உதறலில் பல்லெல்லாம் ஆடியது. டெஸ் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தான்.

"எதிர்காத்து, கிளெனிஸ். நூறு கிலோமீட்டருக்குப் பதினஞ்சு லிட்டர் குடிக்குது. நான் பதிமூணுதான் போட்டிருந்தேன்."

"குடிக்கட்டும்" என்றேன்.

என் மடியில் அவனுடைய நோட்டு. எந்த இடத்தில் எத்தனை லிட்டர், என்ன விலை, அடுத்த பங்க் எவ்வளவு தூரம், எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தான். என்னைக் கட்டிக்கொள்ளக்கூட இவ்வளவு யோசிக்கவில்லை. நேற்று ஓரிடத்தில் டீசல் லிட்டர் இரண்டு டாலர் தொண்ணூற்றைந்து காசு. "கொள்ளை" என்று நாற்பது லிட்டரோடு நிறுத்திவிட்டான். அடுத்த பங்க் மல்கா வெல்லில் பதினைந்து காசு குறைவாம், மிச்சத்தை அங்கே நிரப்பிக்கொள்ளலாமாம்.

போய்க்கொண்டிருந்தது ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆஸ்பத்திரிக்கு. டெஸ்ஸின் தம்பி கெல்வின் அங்கே கிடக்கிறான். புற்று ஈரல் முழுக்கப் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டுவது சந்தேகம் என்று அவன் மனைவி போனில் சொல்லியிருந்தாள். அன்று சனி.

அண்ணனும் தம்பியும் இருபத்தாறு வருஷம் ஒரே லாரியில், இதே ரோட்டில் சரக்கு ஓட்டியவர்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் டெஸ் ஸ்டியரிங்கில் கண் அசந்துவிட்டான். லாரி உருண்டது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கெல்வினுக்கு ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலை எடுத்துவிட்டார்கள். டெஸ் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. கெல்வின் நாலு வார்த்தை திட்டியிருந்தால் போயிருப்பானோ என்னவோ. அவனோ ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சிரித்துக்கொண்டே போன் பண்ணுவான். இவன் போனை என் கையில் திணித்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விடுவான்.

மல்கா வெல் வந்தபோது என் வாட்ச்சில் மணி இரண்டு ஐந்து. பம்பைச் சுற்றி இரும்புக் கூண்டு, அதில் ஒரு பூட்டு. 'சனி மூன்று மணி வரை. ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை எட்டு மணி' என்று பலகை.

"மூணு மணி ஆகலையே, ஏன் பூட்டிட்டாங்க?"

டெஸ் தலையைச் சொறிந்தான். "அடடா. இவங்க ஆலிஸ் நேரத்துல நடத்துறாங்க. நம்ம கடிகாரத்தவிட ஒன்றரை மணி நேரம் முந்தி. கோட்ட விட்டுட்டேன், கிழவி."

பலகையின் கீழே ஒரு மணி தொங்கியது. அவசரத்துக்கு அடிக்கலாம், பூட்டைத் திறக்க எண்பது டாலர் தனி.

"எண்பது டாலரா! டீசலுக்கு இல்ல, பூட்டத் திறக்க! யாரு குடுப்பா?" என்றான் டெஸ்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது. "டாங்க்ல எவ்வளவு இருக்கு?"

"இருபது லிட்டர். ஆலிஸ் இன்னும் எழுநூறு கிலோமீட்டர். திங்கக்கிழம போட்டுக்கிட்டுப் போலாம், வேற வழியில்ல."

சொல்லிக்கொண்டே படுக்கைச் சுருட்டை இறக்கினான். நிழல் பார்த்து விரித்தான், ஒரு கல்லைப் பொறுக்கித் தூரப் போட்டான். இரண்டு நாளாகக் காதைத் தொட்டுக்கொண்டிருந்த தோள் இரண்டும் இறங்கியிருந்தன. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது.

"டெஸ், இந்த பங்க்ல நீ எத்தன தடவ டீசல் போட்டிருப்ப?"

"அத யாரு எண்ணுனா."

"இருபத்தாறு வருஷம். மாசம் நாலு தடவ. இவங்க கடிகாரம் உனக்கு மறந்துபோச்சா?"

படுக்கையின் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தான். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்தான்.

"மறக்கல. லேட்டாப் போனா எல்லாம் முடிஞ்சிருக்கும். அவன் மூஞ்சியப் பாக்க வேண்டியதில்லைன்னு நெனச்சேன்."

திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது, தெம்புதான் இல்லை. இதற்காகவா இரண்டு நாள் எலும்பு குலுங்க வந்தேன்? அறுபத்தெட்டு வயசு மனுஷன், நோட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு. அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு போய் மணியை அடித்தேன்.

பங்க் நடத்தும் ரோண்டா செருப்பை இழுத்துக்கொண்டு, எதையோ மென்றபடி வந்தாள். "என்ன கண்ணு, வாட்ச்ச மாத்தலையா? மேற்கேருந்து வர்றவங்க வாரத்துக்கு ரெண்டு பேரு இப்படித்தான் முழிச்சிக்கிட்டு நிப்பாங்க." டெஸ்ஸைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினாள். "டெஸ்ஸா? உனக்குமா நேரம் மறந்துபோச்சு?"

அவன் தரையைப் பார்த்தான்.

"கெல்வினப் பாக்கப் போறோம், ரோண்டா. நாளைக்குள்ள போகணும்" என்றேன்.

"அப்ப என்ன பேச்சு வேண்டிக் கெடக்கு?" சாவியை எடுத்தாள். "எண்பத எடு. கெல்வினுக்காகத் தள்ளுபடி பண்ணுனேன்னு தெரிஞ்சா அவனே என்னக் கேலி பண்ணுவான்."

கொடுத்தேன். டாங்க் நிறைய, பின்னால் கிடந்த காலி கேன் இரண்டும் நிறைய. டெஸ்தான் குழாயைப் பிடித்தான். விலையை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. வண்டிச் சாவியை நான் எடுத்துக்கொண்டேன். அவன் மறுபக்கம் ஏறினான்.

இருட்டினால் ஒட்டகமும் மாடும் ரோட்டுக்கு வந்துவிடும், அதற்குள் போகிறவரை போகலாம் என்று மிதித்தேன். அறுபது, எழுபது கிலோமீட்டர் வரை அவன் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தான்.

"கிளெனிஸ்."

"ம்."

"அவனுக்கு எந்தக் கால் போச்சு?"

பத்து வருஷத்தில் அவன் அதைக் கேட்டதேயில்லை.

"இடது" என்றேன்.