வலது கன்னம் பாக்கி

அக்கா புருஷன் என் சலூனுக்கு வருவது முகம் மழிக்க மட்டுமில்லை, என்னை வறுத்தெடுக்கவும்தான். கழுத்தில் கத்தி இருந்தாலும் அவருக்கு வாய் ஓயாது. அந்த வாய் ஒரு நாளாவது மூடாதா என்று நான் வேண்டாத நாளில்லை.

அன்று இடது கன்னத்தை மழிக்கும்போது வாயை வலது பக்கம் இழுத்து வைக்கச் சொன்னேன். தோல் இறுகினால்தான் கத்தி வழுக்கும். இழுத்த வாயோடே ரேடியோவில் செய்தி வாசிப்பவரைத் திட்டி முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மாப்ள, இது கத்தியா கரண்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. பிளேடு மாற்றப் போனேன். செய்தி முடிந்து பாட்டு தொடங்கியது. திரும்பி வந்தால் மனுஷர் கப்சிப். வாய் மட்டும் வலது பக்கமே இழுத்தபடி இருந்தது.

"இடது பக்கம் முடிஞ்சுது மாமா. வாய விடுங்க."

விடவில்லை. அழிச்சாட்டியம் பண்ணுகிறார் என்று நினைத்தேன்.

"சரி, அப்படியே இருங்க. கடைக்கு நிம்மதி."

அவர் ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. வாயோரம் எச்சில் வழிந்தது. என் கண் கண்ணாடிப் பக்கம் போனது.

கண்ணாடி ஓரத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒட்டிய பக்கவாத நோட்டீஸ் இருக்கிறது. வாய் கோணுதா, கை தொங்குதா, பேச்சு குழறுதா என்று அதைத் தினமும் உரக்கப் படித்து என்னை நக்கலடிப்பவரே இவர்தான்.

"மாமா, ரெண்டு கையையும் தூக்குங்க."

மேலே போர்த்திய துணியின் வலது பக்கம் மட்டும் கூடாரமாக எழுந்தது. இடது பக்கம் அசையவில்லை.

முடிவெட்டக் காத்திருந்த டிரைவர் ஒருவர் சோடா வாங்கிவர எழுந்தார்.

"வாய்ல எதுவும் ஊத்தக் கூடாதுண்ணே. ஆம்புலன்ஸ கூப்பிடுங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?"

"இடது கன்னம் முடியிறப்ப" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வலது கன்னத்தில் காய்ந்துகிடந்த நுரையைக் காட்டினேன். "காலைச் செய்தி முடியிறப்ப என்னைத் திட்டினார் டாக்டர். பாட்டு வந்ததும் திட்டல."

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை, மூளைக்குப் போகும் குழாயில் அடைப்பு. அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போட இன்னும் நேரமிருக்கிறது என்றார் டாக்டரம்மா. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மனுஷன் திட்டாம எப்படிடா இருப்பேன்?" என்று அழுதாள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊசிக்குப் பிறகு கீறல் பட்டால் ரத்தம் நிற்காதாம். டாக்டரம்மா அனுமதிக்கும்வரை கத்தியை எடுக்கக் கூடாது என்றார்கள். ஒரு கன்னம் வழுவழு, மறு கன்னம் முள்ளம்பன்றி. வார்டே வேடிக்கை பார்த்தது. அவரோ பேசவே இல்லை. குழறுவது கேட்டால் சிரிப்பார்கள் என்ற ரோஷம்.

அனுமதி கிடைத்த காலையில் நுரை தடவினேன். வலது கன்னத்துக்கு வாயை இடது பக்கம் இழுக்கவேண்டும், அதாவது விழுந்துபோன பக்கம். கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"மாமா, வாய இந்தப் பக்கம் இழுங்க."

உதடு நடுங்கியது. கொஞ்சம் நின்றது. பிறகு மெதுவாக, கோணலாக, இடது பக்கம் வந்தது. என் கண் நிறைந்துவிட்டது. கத்தி கன்னத்துக்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது.

இழுத்த வாயோடே அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அழுதுட்டு... வெட்டிடாத... மாப்ள. கரண்டிய... மாத்துனியா?"