மூன்றாவது பிரதி

அலுமாரிக்கு மேலிருந்த பச்சைப் பையை இறக்கித் திறந்த ஷம்லாவுக்கு உச்சி கொதித்தது. கடவுச்சீட்டுகளுக்கும் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் நடுவே இரண்டு ஹாட் டிஸ்க்குகள், ஒவ்வொன்றும் பொலித்தீன் உறைக்குள். ஒன்று இருக்க வேண்டியதுதான். மற்றது சிலாபத்தில், அவளுடைய மூத்த சகோதரி றுமைஸா ராத்தாவின் வீட்டில் இருக்க வேண்டியது.

பதினொரு வருடமாகத் தில்லையடியில் வீட்டிலேயே விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். குறிப்பு, வினாத்தாள், அவளே கீறிய படங்கள் என்று எல்லாம் கணினிக்குள்தான். போன மாரி வெள்ளத்தில் அது நனைந்தது. கணினிக் கடைக்கார ஸப்ராஸ் மூன்று கிழமை மல்லுக்கட்டிப் பாதியைத்தான் மீட்டார். மீதியைப் பழைய மாணவிகளின் கொப்பிகளை இரந்து வாங்கி இன்னும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். இன்னொரு தடவை போனால் அவளால் முடியாது.

"ஒண்டு கணினியில, ஒண்டு டிஸ்க்கில, இன்னொண்டு வேற ஊர்ல. மூணும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தா அது ஒண்டுதான், டீச்சர்" என்று ஸப்ராஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இணையத்தில் ஏற்றலாம்தான். இந்த வீட்டு இணைப்பில் ஒரு படம் ஏறுவதற்குள் ஒரு பானை சோறு ஆக்கிவிடலாம். அதனால்தான் சிலாபம்.

தேங்காய் லொறி ஓட்டும் கணவன் ஸியாத் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தான்.

"இது எப்பிடி இஞ்ச வந்த?"

"வியாழக்கிழமை சிலாபம் போனேன்தானே. மதினிக்கிட்டக் கேட்டு எடுத்துட்டு வந்தேன்."

"ஏன்?"

"எல்லாம் ஒரு பையில இருந்தாத்தான் தூக்கிட்டு ஓடலாம்."

"எங்க ஓடப் போறீங்க? நீங்க லொறியில நிக்கிற நேரம் ஊடு பத்தினா ஆரு தூக்குற?"

"வெள்ளத்துல பை நனஞ்சதா, சொல்லு?"

இந்த மனிதனோடு வாதாடுவதைவிடக் கணினியோடு கதைக்கலாம். அவள் பையைக் கட்டிலில் போட்டாள். ஸியாத் குனிந்து, சிதறிய காகிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினான்.

"தொண்ணூறுல எங்கட ஆக்கள எல்லாம் தொரத்தினாங்கதானே. மன்னார உட்டு வரக்குள்ள, காணி உறுதிக் கடதாசிய வாப்பா பக்கத்து ஊட்டுல குடுத்துட்டு வந்தாரு. பத்திரமா இருக்கும் எண்டு. பன்னெண்டு வருசம் கழிச்சுப் போனம். ஆளும் இல்ல, ஊடும் இல்ல."

உறுதி தொலைந்தது அவளுக்குத் தெரியும். அதை அவர்களே கொடுத்துவிட்டு வந்தது தெரியாது. கோபம் போய்விடவில்லை. பாதி அவன் மீதும் பாதி தன் மீதுமாகப் பிரிந்து நின்றது.

"அப்ப நீங்களே கொண்டு போய்க் குடுங்க. நானும் வாறன்."

அடுத்த வியாழன் றுமைஸா வீட்டு வாசலில் ஸியாத் டிஸ்க்கை நீட்டினான். உறையின் மேல் பெயர், முகவரி, இரண்டு தொலைபேசி எண்கள் எல்லாம் அவன் கையெழுத்தில் இருந்தன.

"மதினி, வந்து கேட்டா தருவீங்கதானே?"

"என்ன கத இது? ஒங்கட சாமான்தானே!" றுமைஸா சிரித்தாள்.

ஷம்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. றுமைஸா ஒரு முனையைப் பிடித்திருந்தாள். மறுமுனையில் ஸியாத்தின் விரல்கள் இன்னும் இருந்தன.