ஃபிரிட்ஜுக்கு முன்னால் யாரோ

பார்வையற்றோர் பயிற்சி மையத்தில் படிப்பை முடித்ததும், தனியாகத்தான் இருப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்று அவள் பிடித்த வாடகை வீடு அது. அண்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். கண் தெரியாத தங்கச்சியைத் தனியே விட்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றான். அந்த நாலு பேரை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்களுக்குப் பயப்படாத அண்ணன்கள் கிடையாது. அவள் மசியவில்லை. ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுக்கும் வேலைக்கு வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு போனாள், வந்தாள், சமைத்தாள். ஒரு விரல்கூடச் சுட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பெருமையிலேயே ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள்.

இன்று மாலையும் வேலையிலிருந்து வந்து, கதவை உள்ளே பூட்டி, டீக்குத் தண்ணீர் வைத்தாள். கொதிக்கும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபோதுதான் உறைத்தது. ஃபிரிட்ஜின் உறுமல் சரியில்லை. மூலையிலிருந்து நேராக வரவேண்டிய சத்தம், முன்னால் மூட்டையை வைத்தது போல மங்கி வந்தது. சத்தத்தை வைத்தே எது எங்கே என்று கண்டுபிடிக்க மையத்தில் பழக்கியிருந்தார்கள். ஃபிரிட்ஜுக்கு முன்னால் அவள் எதையும் வைக்கவில்லை.

ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினாள்.

"யாரு?"

யாரோ மூச்சை அடக்கிக்கொண்டது கேட்டது. கதவைத் தன் கையாலேயே பூட்டியது நினைவு வந்தது. அது யாராக இருந்தாலும், அவனோடு சேர்த்துத் தன்னையும் உள்ளே பூட்டிக்கொண்டிருக்கிறாள்.

வெறுங்கால் தரையில் உரசியது. சமையலறைக்கு ஒரே வாசல், அது அவள் முதுகுக்குப் பின்னால். கால் அவள் பக்கமாக வந்தது.

பாத்திரத்தைத் தூக்கி வெந்நீரை வீசினாள்.

"ஐயோ, அம்மா!"

அண்ணனின் குரல்.

அவளுக்கு உயிரே போய்விட்டது. தட்டுத்தடுமாறி அவன் கையைப் பிடித்து இழுத்துக் குழாய்க்கு அடியில் காட்டினாள்.

"கேட்டேன்ல? ஏன் வாயைத் திறக்கல?"

"பேசாம நின்னா உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். நைஸா வெளிய போயிடலாம்னு பாத்தேன்."

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"நீ குடிவந்ததுலேர்ந்து. இன்னொரு சாவி இருக்கில்ல, அதுல வருவேன். ஹால் மூலையிலதான் நிப்பேன். நீ குளிக்கப் போனதும் கெளம்பிடுவேன். இன்னிக்குத்தான் சமையக்கட்டுல மாட்டிக்கிட்டேன். நீ எங்கயாவது சுட்டுக்கிட்டா..."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அதற்குள் அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து அதை அமுக்கியது.

"ஒரு தடவையாவது அடுப்பை நீ அணைச்சியா?"

அவன் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டான்.

"அண்ணா, மறைக்காத."

"ஒரே ஒரு தடவை. சின்னதா எரிஞ்சுட்டிருந்துச்சு. நீ குளிக்கப் போயிட்டே."

திருடனாகவே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. திருடன் இந்த அளவுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கமாட்டான். மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஈரக் கையை நீட்டினாள்.

"சாவியை வை."

"இதைக் கேட்டப்புறமுமா?"

"பயமாத்தான் இருக்கு. வை."

சாவி உள்ளங்கையில் விழுந்தது. கைக்கு மருந்து போட்டு அவனை அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டினாள். அடுப்பின் குமிழைத் தொட்டுப் பார்த்தாள்; பாத்திரத்தைத் தூக்கிய வேகத்தில் அணைக்க மறந்திருந்தாள்.

அணைத்தாள். பயம் போகவில்லை. பயத்தோடேயே மறுபடி பற்றவைத்துத் தண்ணீர் வைத்தாள். கொதிக்கும்வரை குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை.