பளிங்கில் வெட்டாத பெயர்

குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாள் காலையில் மேல்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: கோயில் தலைவர் ஜக்ரூப், அவருடைய அக்கா சோமரியா, மகன் தோத்தாராம், மருமகள் சுமிந்திரா, மடியில் பஞ்சாங்கத்தை விரித்த ராம்லகன் பண்டிட், பெயர்சூட்டு விருந்தின் ஏழு கறிக்குப் பூசணி நறுக்க வந்த பக்கத்து வீட்டு டொரீன், இன்னும் பெயரில்லாத குழந்தை. மற்றவர்கள் கீழே அடுப்படியில் இருந்தார்கள்.

"திருவாதிரை ரெண்டாம் பாதம். எழுத்து 'க'. சாதாரண க இல்ல, நெஞ்சிலேர்ந்து மூச்சோட வர்ற க" என்றார் பண்டிட்.

"அதுல பேரே கிடையாதே" என்றான் தோத்தாராம். யோசித்துப் பார்த்தார்கள். இந்தியில் அந்த எழுத்துக்குக் கடிகாரம் வந்தது, குதிரை வந்தது, நெய் வந்தது. பெண்ணுக்குப் பெயர் வரவில்லை.

"நெய்னே வச்சிருங்க. ஆளும் அப்படித்தான் உருண்டு தெரண்டு இருக்கா" என்றாள் டொரீன். பண்டிட்டே சிரித்துவிட்டார்.

ஜக்ரூப் சிரிக்கவில்லை. எழுத்தைக் கேட்ட கணமே ஒரு பெயர் அவர் தொண்டைக்கு வந்து நின்றது. அக்காவுக்கு அது நினைவு வரக்கூடாதே என்று முதுகை இன்னும் நிமிர்த்தி உட்கார்ந்தார். பெர்பீஸ் கரை ஊர்களில் அவர் குனிந்து யாரும் பார்த்ததில்லை. கோயில் சுவரில் அவர் பதித்த பளிங்கில் 'அன்னை ஞானவதி தேவி நினைவாக' என்று இருக்கிறது. பதினொரு வருடமாக ஊரே அதைப் படித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறது.

"ஏண்டா, அம்மா பேரு அந்த எழுத்துதானே?" என்றாள் சோமரியா.

"அம்மா பேரு ஞானவதி."

"அது நீ கல்லுக்கு வச்ச பேரு. அம்மாவுக்கு வச்சது கூர்னி."

பண்டிட் பஞ்சாங்கத்துக்குள் விரலை விட்டு மூடிக்கொண்டார். டொரீன் மட்டும், "அப்படின்னா?" என்று கேட்டாள்.

"'கூர்'னா குப்பைமேடு. அம்மாவுக்கு முன்னால ஏழு பொறந்து ஒண்ணும் தங்கல. எட்டாவதா இவ பொறந்ததும் அவளைப் பெத்த எங்க நானி முறத்துல வச்சு, சாணிக்குப்பையில விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துட்டா. பக்கத்து வீட்டுக்காரி எடுத்துட்டு வந்து, 'உங்க குப்பையில ஒண்ணு கெடந்துது, வேணுமா?'ன்னு கேட்டுக் குடுத்தா. குப்பையில கெடந்ததை எமன் எதுக்குத் தூக்குறான்? தொண்ணூத்தோரு வயசு இருந்தா, மகராசி."

"போதும்க்கா." சின்ன வயதில் பள்ளிக்கூடத்து வாசலில் 'குப்பை மவனே' என்று கூப்பிட்ட குரல்கள் ஜக்ரூப்பின் காதில் இன்னும் இருந்தன. "இந்தக் குடும்பத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. வேற எழுத்து பாருங்க, பண்டிட்ஜி."

பண்டிட் விரலை எடுப்பதற்குள் சுமிந்திரா பேசினாள். மாமனார் முன்னால் அவள் வாய் திறப்பதே அரிது. இதற்கு முன் இரண்டு குழந்தைகள். இரண்டுக்குமே பன்னிரண்டாம் நாள் வரவில்லை. பஞ்சாங்கம் திறக்கவே இல்லை.

"பாபூஜி, முன்ன ரெண்டு தடவையும் அழகழகா பேரு யோசிச்சு வச்சிருந்தேன்." குழந்தையின் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல பேரு வேணாம். தங்குற பேரா குடுங்க."

ஜக்ரூப் குழந்தையைப் பார்த்தார். அது கொட்டாவி விட்டது. அம்மாவுக்குப் பெயர் வைத்தவர்களும் இப்படி ஒரு கொட்டாவியைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவருக்கு முதல்முறையாகத் தோன்றியது. ஞானத்தை நினைக்க அவர்களுக்கு ஏது நேரம்? மூச்சு வருகிறதா என்றுதான் பார்த்திருப்பார்கள்.

"பண்டிட்ஜி, எழுத்துக்குப் பொருந்துமா?"

"அளவெடுத்துத் தச்ச மாதிரி."

"அப்போ அரைகுறையா செய்யக்கூடாது" என்று அதட்டினார் ஜக்ரூப். "இந்த வீட்டுல எல்லாம் முறைப்படிதான். தோத்தாராம், முறத்தைக் கொண்டா. டொரீன், கையைக் கழுவு. கீழ உனக்கு ஒண்ணு கெடைக்கப்போகுது."

"கெடைச்சா திருப்பித் தர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் டொரீன், கத்தியைக் கீழே வைத்தபடி.

ஜக்ரூப் பேத்தியைத் தன் கையாலேயே குப்பையில் போட்டார் என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். முறத்தை வைத்தவள் சுமிந்திரா. அந்நேரம் தூறல் விழுந்தது. ஜக்ரூப் வெள்ளைக் குர்தாவோடு கோழிகளுக்கு நடுவே நின்று குப்பைமேட்டுக்குக் குடை பிடித்தார்.