பின்னால் இரண்டு ஸ்பீக்கர்

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, காரியத்தை முடித்த முகத்தோடு அம்மா ஹாலுக்குள் வந்தாள். மின்விசிறி நின்றுவிட்டது. பிரிட்ஜ் ஒரு முறை முனகி அடங்கியது. ஆனால் ஸ்டூல் மேல் நின்றிருந்த என் மனைவியின் கையில் டிரில்லிங் மெஷின் மட்டும் நிற்கவே இல்லை. சுவரைக் குடைந்துகொண்டே போனது. சிமெண்ட் தூள் அம்மாவின் சோபா மேல் மாவு சலித்த மாதிரி இறங்கியது.

“இது பேட்டரில ஓடுறது அத்தை,” என்றாள் மனைவி, திரும்பாமலே. “ஃபேனையாவது போட்டு விடுங்க. வேர்க்குது.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உலகத்திலேயே அதைவிடப் பொறுப்பான வேலை கிடையாது என்பதுபோல இன்னும் கெட்டியாகப் பிடித்தேன்.

சாயங்காலம் அக்கா வருகிறாள். அதற்குள் ஸ்பீக்கர்கள் எல்லாம் பேசியாக வேண்டும் என்று இவள் காலையிலிருந்து ஒற்றைக் காலில் நிற்கிறாள். அக்கா ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் மேனேஜர். அங்கே இவளுக்கென்று ஒரு நாற்காலி பிடித்து வைத்திருக்கிறாள். இப்போது பார்க்கிற வேலையை விட்டுவிட்டுத் திங்கட்கிழமை சேர வேண்டும். எங்கள் வீட்டில் அக்கா முடிவு செய்தால் அது முடிவுதான். என் படிப்பு, என் மீசையின் அளவு, ஜன்னல் திரைச்சீலையின் நிறம் எல்லாம் அவள் முடிவு செய்தவை. முதல் தடவையாக இவள்தான், “சனிக்கிழமை வாங்க அண்ணி. எல்லாரும் உக்காந்து ஒரு படம் பாப்போம். பாத்துட்டு பதில் சொல்றேன்,” என்று தவணை வாங்கியிருந்தாள். சினிமாவுக்கும் இன்சூரன்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று அக்கா போனில் என்னிடம் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

மனைவி வேலை பார்ப்பது ஓர் ஒலிப்பதிவு ஸ்டுடியோவில். கணக்கு எழுதுகிறாள் என்பது எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. சேர்ந்தபோது அதற்குத்தான் சேர்ந்தாள். அப்புறம் யாரும் விசாரிக்கவில்லை, அவளும் விளக்கவில்லை. சில நாட்கள் தொண்டை கட்டிக்கொண்டு வருவாள். “கணக்குப் பாத்தா தொண்டை எதுக்கும்மா கட்டுது?” என்பாள் அம்மா. “கஷ்டமான கணக்கு அத்தை,” என்று சொல்லிவிட்டு வெந்நீர் போடப் போய்விடுவாள்.

ஸ்பீக்கர் வாங்கப் போன கடையிலேயே எனக்கு லேசாகப் பொறி தட்டியிருக்க வேண்டும். விற்பனைக்காரர் அனுபவசாலி. “முன்னாடி ரெண்டு, நடுவுல ஒண்ணு, இதுல காசைப் போடுங்க மேடம். பேசுறது, பாட்டு எல்லாம் அங்கேருந்துதான் வரும். பின்னாடி ரெண்டும் சும்மா ஒப்புக்கு. மழை பேஞ்சா நாலு தூறல், ஹெலிகாப்டர் வந்தா ஒரு சுத்து. அதுக்கு மேல அங்க என்ன இருக்கு?” என்றார். இவள், “முன்னாடி எல்லாத்தையும் நிறுத்திட்டு பின்னாடி மட்டும் போட்டுக் காட்டுங்க,” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அலமாரியிலிருந்த பின்பக்க ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக மாட்டச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டு, கடைசியில் இருப்பதிலேயே உசத்தியானதைப் பின்பக்கத்துக்கும், சுமாரானதை முன்பக்கத்துக்கும் எடுத்தாள். “சட்டையைத் திருப்பிப் போடுற மாதிரி இருக்கு மேடம்,” என்றார் அவர். “என் சட்டைதானே,” என்றாள் இவள்.

அடுத்த யுத்தம் சோபாவுக்காக. சுவரோடு ஒட்டிக் கிடந்தால் பின்னால் வருகிற சத்தம் காதுக்குப் பின்னால் வராதாம், மண்டையில் வந்து உட்காருமாம். ஆகவே சோபாவை இழுத்து ஹாலின் நடுவில் போட்டாள். “நட்ட நடுவுல சோபா. வீடா, பஸ் ஸ்டாண்டா?” என்றாள் அம்மா. பதிலுக்கு மனைவி சோபாவில் அம்மாவை உட்கார வைத்து, அவள் காது இருக்கிற உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தாள். அதைவிடக் கொஞ்சம் மேலே, இரண்டு பக்கமும், பெட்டிகளை மாட்டினாள். வயர்கள் சுவரோரமாகப் பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒளிந்தன. கடைசியாக, ஒரு சின்ன மைக்கைச் சோபா மேல் நிறுத்தி, ஆம்ப்ளிஃபயர் அறையின் ஒலியைத் தானாக அளந்துகொள்ளட்டும், யாரும் பேசக் கூடாது என்றாள். பெட்டிகள் ஒவ்வொன்றாக ‘உஸ்ஸ்’ என்று சீறின.

“நான் மூச்சு விடலாமா?” என்றாள் அம்மா.

மறுபடியும் முதலிலிருந்து அளக்க வேண்டியதாயிற்று. அம்மா மூன்று தடவை மூச்சு விட அனுமதி கேட்டாள். மனைவி மூன்று தடவையும் பட்டனை அழுத்தினாள். யாருக்கு முதலில் அலுக்கும் என்று பார்த்தேன். அம்மாவுக்குத்தான் அலுத்தது.

அக்கா உள்ளே வந்ததும் சோபாவின் முதுகில் இடித்துக்கொண்டாள். “என்னடா இது, ஆஸ்பத்திரி வெயிட்டிங் ரூமா?”

“நான் சொன்னா யார் கேக்குறா? மெயினையே ஆஃப் பண்ணிப் பாத்துட்டேன்,” என்றாள் அம்மா.

படம் தொடங்கியது. பெயர் வந்த உடனேயே அக்கா முகம் சுளித்தாள். “இதைத்தான் போன வருஷமே டிவில பாத்தாச்சே.”

“பாத்தீங்க அண்ணி. கேட்டிருக்க மாட்டீங்க.”

அக்கா என் பக்கம் திரும்பி, ‘பார்த்தாயா பேச்சை’ என்று கண்ணாலேயே கேட்டாள். மனைவி சோபாவில் இடமிருந்தும் உட்காரவில்லை. எங்களுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

பாதிப் படத்தில் கதாநாயகன், ஏமாற்றிய நண்பனைத் தேடிக் குறுகலான ஒரு தெருவில் நடக்கிறான். பொழுது சாய்கிறது. அவன் பேசவில்லை, இசையும் இல்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு தெருவே முளைத்தது. எங்கோ பாத்திரம் உருண்டது. ஒரு குழந்தை அடம் பிடித்தது. ஒரு கிழவி யாரையோ திட்டினாள்.

“சரி, திங்கட்கிழமை சீக்கிரம் வந்துடு. நானே கூட்டிட்டுப் போய் எல்லார்கிட்டயும் அறிமுகம் பண்றேன்,” என்றாள் அக்கா.

மனைவி ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள். “இந்தத் தெரு முடியட்டும் அண்ணி.”

“அத்தை, பால் பொங்குது. கொஞ்சம் பாருங்களேன்.”

“இதோ,” என்று அம்மா எழுந்துவிட்டாள். சோபாவைச் சுற்றிக்கொண்டு சமையலறைப் பக்கம் வேகமாக நடந்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். அக்காவும் திரும்பினாள். சமையலறை இருட்டாக இருந்தது. அடுப்பில் எதுவும் இல்லை.

மனைவி எங்களுக்கு முன்னால், தரையில், அதே இடத்தில் இருந்தாள். வாய் மூடியிருந்தது.

“எல்லாம் வழிஞ்சுபோச்சு. எத்தனை தடவைதான் கூப்பிடுறது?” தினமும் என்னைக் காபி குடிக்கக் கூப்பிடுகிற அதே குரல். வலது பக்கம், பின்னால், காலையில் அவள் மாட்டிய பெட்டியிலிருந்து வந்தது. போன வருஷம் டிவியில் இதே காட்சியை நாங்கள் பார்த்தபோதும் இந்தக் குரல் இருந்திருக்கிறது, அடியில் எங்கோ அமுங்கிப்போய்.

“நீயா?” என்றேன். எனக்கே என் குரல் சின்னதாகக் கேட்டது.

“அந்தத் தெருவுல இருக்குற பொம்பளைங்க பாதிப் பேர் நான்தான். கிழவியும் நான்தான்.” திரையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. “கூட்டத்துக்கெல்லாம் வசனம் எழுதித் தர மாட்டாங்க. நாங்களா பேசிக்கணும். அண்ணி, திங்கட்கிழமை நான் வரல. அன்னைக்கு ஒரு ரயில்வே ஸ்டேஷன் முழுக்கப் பேசணும்.”

அக்கா எதையோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்தாள். நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.

அம்மா இன்னும் சோபாவில் வந்து உட்காரவில்லை. ஸ்பீக்கருக்குக் கீழே, அண்ணாந்து பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

“காதுல விழுதா இல்லையா, அத்தை?” என்றது அது.

“விழுது,” என்றாள் அம்மா, சுவரைப் பார்த்து.