கருப்பன் கோயிலில் மெட்டல்

"பேசத்தான் கூச்சப்படுற. அடிக்கவுமா கூச்சம்?"

தமிழ்வாணி ஒருநாள் என்னிடம் இப்படிக் கேட்டாள். அவனியாபுரத்தில் அவள் அண்ணனுக்கு வெல்டிங் பட்டறை இருந்தது. பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு இரும்பு கேட்டுகளுக்குப் பெயின்ட் அடிக்க நான் அங்கே போய்க்கொண்டிருந்தேன். காலி டப்பாவில் நான் பயந்து பயந்து தாளம் தட்டியதைக் கேட்டுத்தான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவளிடம் கிடார் இருந்தது. கொஞ்ச நாளில் எனக்கென்று ஒரு பழைய ட்ரம்ஸ் செட்டும் கொண்டுவந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. வாசிப்பதைவிட அவள் கதை சொல்வதுதான் அதிகம்.

"அமெரிக்காவுல பருத்திக்காட்டுல வேலை பார்த்த கறுப்பு சனங்க பாடுனது ப்ளூஸ். அதுல வேகத்தக் கூட்டுனா ராக் அண்ட் ரோல். கிடார உறும விட்டா ஹார்ட் ராக். இன்னும் இரும்ப ஏத்துனா மெட்டல்."

"எங்க எழுமலையிலயுந்தான் பருத்தி எடுக்குறாக."

"அப்ப நமக்கும் அதுல பங்கு இருக்குடீ!"

எழுமலைக் கருப்பன் கோயிலில் சோணை மாமா மகளுக்குக் காதுகுத்து வந்தது. கச்சேரிக்கு மாமா எங்களைக் கூப்பிட்டுவிட்டார். அம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை.

"சொந்தபந்தத்துக்கு முன்னால சிரிப்பாச் சிரிச்சுச்சுன்னா, அன்னைக்கோட அந்த ட்ரம்முக்குத் தல முழுகிரணும்" என்று சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறினாள்.

இரண்டு பாட்டு முடிந்தது. ஒருவர்கூடக் கை தட்டவில்லை.

"ஏத்தா, மைக் டெஸ்டிங் இன்னுமா முடியல? பாட்ட எப்பப் போடுவீக?" என்றார் முன்வரிசையில் ஒருவர். பந்தலே சிரித்தது. அம்மா நாற்காலியை விட்டு எழுந்து மேடையை நோக்கி வந்தாள்.

"மெட்டலப் போடுடீ!" என்று தமிழ்வாணி கத்தினாள்.

பயத்தில் பழகியதெல்லாம் மறந்துபோனது. சிவராத்திரிக்குக் கருப்பனை அழைக்க அடிப்பார்களே, அந்த உறுமி அடி மட்டும்தான் கைக்கு வந்தது. அதையே வேகமாக அடித்தேன். தமிழ்வாணி ஒரு கணம் திகைத்து, பிறகு கிடாரை உறும விட்டாள்.

முன்வரிசையில் இருளாயி பெரியம்மா கொண்டையை அவிழ்த்துப்போட்டு எழுந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு ஆடத் தொடங்கினாள்.

"சாமி வந்துருச்சு! நிப்பாட்டிராதீக!" என்று மாமா கூவினார். எங்கள் வழக்கத்தில் வந்த சாமி மலையேறிப் போகும்வரை கொட்டு நிற்கக்கூடாது. அம்மா மேடையோரம் அப்படியே நின்றுவிட்டாள்.

பெண்கள் குலவை போட்டார்கள். மைக் டெஸ்டிங் என்று சொன்னவரும் துண்டைச் சுழற்றி ஆடினார். கை வலித்து நான் லேசாக மெதுவாக்கியதும் பெரியம்மா மேடையைப் பார்த்து அதட்டினாள்.

"எவடீ அவ? இன்னும் வேகமா அடி!"

பெரியம்மா மேல் வந்த சாமி மலையேறும்போது எனக்குத் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அவளே வந்து என் நெற்றியில் திருநீறு பூசினாள். "அடுத்த சிவராத்திரிக்கும் இந்தப் பிள்ளைகளத்தான் கூப்பிடணும்" என்றார் மாமா. தமிழ்வாணி சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா மேடையேறி வந்தாள். முந்தானையால் என் முகத்து வேர்வையைத் துடைத்தாள், திருநீறு அழியாமல். பிறகு இறங்கிப் பந்திப் பக்கம் போய்விட்டாள்.